உறங்காத கண்கள்: வணிகக் கணினி உலகில் வலையமைப்புக் கண்காணிப்பு மையங்கள்

என்.ஓ.சி. என்ற மூன்றெழுத்தைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது ஆட்சேபணை இல்லாச் சான்றிதழ்தான். வீடு மாற்ற ஹவுசிங் சொசைட்டியிடம், வண்டி விற்க வங்கியிடம், கிடங்கு கட்டத் தீயணைப்புத் துறையிடம் என்று அந்தக் காகிதத்துக்காக நாம் அலைந்த அலைச்சல் கொஞ்சமா? ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் "நான் என்.ஓ.சி.ல வேலை பார்க்கிறேன்" என்று சொல்லும்போது அவர்கள் குறிப்பது வேறொன்று. நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டர் என்பதன் சுருக்கம் அது. தமிழில் வலையமைப்புக் கண்காணிப்பு மையம் எனலாம்.

இந்த வேலையைப் பற்றி நம் குடும்பங்களில் ஒரு பேச்சு உண்டு. "ராத்திரி பூரா ஒரு திரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கறதுக்கு இன்ஜினியரிங் படிக்கணுமா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். வியாபாரிகளாகிய நம்மிடையே இன்னொரு பேச்சு. "ஒண்ணுமே ஆகாம இருக்கறதுக்கு மாசா மாசம் எதுக்குப் பணம் கட்டணும்?" இரண்டும் ஒரே கேள்வியின் இரு முகங்கள். காவல் என்ற வேலைக்கு என்ன மதிப்பு என்பதுதான் அந்தக் கேள்வி. அடியேன் கணினி படித்தவன் அல்லன். நாற்பது ஆண்டுகளாகப் பாத்திர வியாபாரம் செய்பவன். ஆயினும் நம் கல்லாப்பெட்டியும் சரக்கும் கணக்கும் இன்று கம்பிவழி ஓடுகிறபடியால், அந்தக் கம்பியைக் காப்பது எப்படி என்று படித்தும் கேட்டும் அறிந்ததை இங்கே எடுத்துரைக்கிறேன்.

கரைக்காவல்

எங்கள் வந்தவாசிப் பக்கம் ஏரிப் பாசனம். மழைக்காலத்தில் ஏரி நிரம்பியதும் கரையில் ஆள் போட்டுக் காவல் காப்பார்கள். நண்டு வளை ஒன்றில் தொடங்கும் சிறு கசிவு, விடிவதற்குள் கரையையே உடைத்துவிடும் என்பது குடியானவனுக்குத் தெரியும். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், ஊராட்சிக் குழுக்களுள் ஒன்றாக ஏரி வாரியம் என்றே ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. பொதுச் சொத்து ஒன்றைப் பலர் நம்பியிருக்கும்போது, அதைப் பார்த்துக்கொள்வதே தனிப் பொறுப்பாக வேண்டும் என்ற அறிவு நமக்குப் புதிதல்ல.

வணிக நிறுவனத்தின் வலையமைப்பும் அப்படிப்பட்ட ஏரிதான். தலைமை அலுவலகம், கிளைகள், கிடங்குகள், சர்வர்கள், வங்கியோடு இணைக்கும் இணைப்பு, வாடிக்கையாளர் பணம் செலுத்தும் வழி எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை. எங்கே கசிகிறது என்பதை இருபத்துநான்கு மணி நேரமும் பார்த்து, கரை உடையுமுன் ஆளனுப்புவதே கண்காணிப்பு மையத்தின் தொழில்.

தோற்றமும் வளர்ச்சியும்

இதன் தொடக்கம் கணினியில் அல்ல, தொலைபேசியில். அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 1962-இல் நியூயார்க்கில் ஒரு கட்டுப்பாட்டு மையத்தைத் திறந்தது. நெடுந்தூர அழைப்புகளைத் திருப்பிவிடும் முக்கிய நிலையங்களின் நிலவரத்தைப் பெரிய பலகைகளில் உடனுக்குடன் காட்டுவது அதன் வேலை. 1977-இல் நியூஜெர்சி மாநிலத்துப் பெட்மின்ஸ்டரில் அதைவிடப் பெரிய, நவீன மையம் அமைந்தது. சுவர் நிறையத் திரைகளும் முன்னால் வரிசையாக மேசைகளுமாக இன்று நாம் படங்களில் பார்க்கும் தோற்றத்துக்கு இவையே முன்னோடிகள்.

கணினி வலையமைப்பு வந்தபின் புதிய கருவிகள் தேவைப்பட்டன. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 'பிங்' என்ற சிறு நிரலை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறியும் சோனார் கருவி எழுப்பும் ஒலியே அதன் பெயர். "இருக்கிறாயா?" என்று ஒரு கணினியைக் கூப்பிட்டு, "இருக்கிறேன்" என்ற பதில் எத்தனை மில்லி விநாடியில் வருகிறது என்று அளப்பதுதான் அதன் வேலை. இன்றும் எந்தப் பழுதைப் பார்க்க உட்கார்ந்தாலும் பிள்ளைகள் முதலில் தட்டுவது அதைத்தான். 1988-இல் எஸ்.என்.எம்.பி. எனப்படும் நெறிமுறை வெளியாயிற்று. எந்தக் கம்பெனி செய்த கருவியானாலும் தன் உடல்நிலையை ஒரே மொழியில் சொல்ல வேண்டும் என்பதற்கான பொது இலக்கணம் அது. 1995-இல் டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதிய எம்.ஆர்.டி.ஜி., போக்குவரத்தின் அளவை வரைபடமாகக் காட்டியது. 1999-இல் ஈதன் கால்ஸ்டாட் வெளியிட்ட நிரல், பின்னாளில் நாகியோஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரவிற்று.

தமிழர் பங்கும் இதில் உண்டு. இன்று ஜோஹோ என அறியப்படும் நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது, அதன் முதற் சரக்கு இந்த வலையமைப்பு மேலாண்மை மென்பொருள்தான். சென்னையில் எழுதப்பட்ட அத்தகைய கருவிகள் பிற நாட்டு அலுவலகங்களின் காவலுக்கும் பயன்பட்டு வருகின்றன.

எப்படி வேலை செய்கிறது?

ரவுட்டர், சுவிட்ச், சர்வர், யு.பி.எஸ். ஆகிய ஒவ்வொன்றுக்குள்ளும் முகவர் என்னும் சிறு நிரல் குடியிருக்கிறது. மையத்தில் உள்ள மேலாளர் நிரல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்பதுபோல முறை வைத்து, அதனிடம் விசாரிக்கிறது. சூடு எவ்வளவு, நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, இணைப்பில் எவ்வளவு போக்குவரத்து, எத்தனை பொட்டலங்கள் வழியில் தொலைந்தன என்பன அந்தக் கேள்விகள். அவசரமானால் முறை வரும்வரை காத்திராமல் முகவரே கூவி அறிவிக்கும். அதற்கு 'டிராப்' என்று பெயர். இவையன்றி, ஒவ்வொரு கருவியும் தனக்கு நேர்ந்ததையெல்லாம் நாட்குறிப்புப் போல எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கும். அதற்கு 'லாக்' என்று பெயர்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் கருவிகள், ஒவ்வொன்றிலும் 50 அளவுகள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால், ஒரு நாளைக்கு 1 கோடியே 44 லட்சம் அளவுகள். இதை மனிதக் கண் பார்க்க முடியாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் வரம்பு குறிக்கிறார்கள். வட்டு 80 சதவீதம் நிரம்பினால் மஞ்சள், 90 ஆனால் சிவப்பு என்பதுபோல. வரம்பு தாண்டியவை மட்டுமே திரையில் எழும்.

சிக்கலே இங்கேதான் ஆரம்பம். வரம்பைத் தாழ்த்தி வைத்தால் எதற்கெடுத்தாலும் மணி அடிக்கும். நாளுக்கு ஐந்நூறு பொய் மணி கேட்டவன், உண்மை மணியையும் பொய் என்றே ஒதுக்குவான். உயர்த்தி வைத்தால், மணி அடிக்கும்போது வீடு எரிந்து முடிந்திருக்கும். இன்னொன்று: கிளைக்குச் செல்லும் ஒரு ரவுட்டர் விழுந்தால், அதற்குப் பின்னால் உள்ள இருநூறு கருவிகளும் "பதில் இல்லை" என்று சிவப்பாகும். பழுது ஒன்று, அலறல் இருநூறு. எது எதன் பின்னால் இருக்கிறது என்ற வரைபடம் சரியாக இருந்தால்தான், நிரலால் இருநூறையும் ஒன்றாகக் கட்டிக் காட்ட முடியும். திங்கட்கிழமைக் காலைக் கூட்டம் வேறு, ஞாயிறு இரவின் அமைதி வேறு. "இந்த நேரத்துக்கு இது வழக்கம்தானா?" என்று கேட்கத் தெரிவதே நல்ல காவலாளிக்கு அடையாளம்.

மூன்று படிகள்

மையத்தில் ஊழியர்கள் பெரும்பாலும் மூன்று படிகளாக அமர்கிறார்கள். முதற்படியில் இருப்பவர் எச்சரிக்கையைப் பார்த்து, உண்மையா என்று சோதித்து, டிக்கெட் எனப்படும் பதிவைத் திறந்து, எழுதி வைத்த முறைப்படி எளியதைச் சரி செய்வார். குறித்த நிமிடங்களுக்குள் தீராவிட்டால் இரண்டாம் படிக்கு ஏற்ற வேண்டும். அங்கே கருவிகளை நுட்பமாக அறிந்தவர் இருப்பார். மூன்றாம் படியில் வலையமைப்பை வடிவமைத்தவர்களும் கருவி செய்த கம்பெனியின் நிபுணர்களும் இருப்பார்கள். ஷிப்டு மாறும்போது, போகிறவர் வருகிறவரிடம் நிலுவையில் உள்ளதை எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். கடை பூட்டும்போது ரொக்கக் கையிருப்பை எண்ணிக் கொடுப்பது போன்ற ஒழுங்கு இது.

இந்த வேலை இந்தியாவுக்கு ஏராளமாக வந்ததற்குக் கூலி மட்டும் காரணமல்ல. நியூயார்க்கில் பகல் 12 மணி என்றால் இங்கே கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. அங்கே அவர்கள் உறங்கும் வேளை நமக்குப் பகல். ஆகவே அங்கத்திய இரவை இங்கத்திய பகலில் காக்கலாம். அவர்கள் கடை திறந்திருக்கும் நேரத்தையும் காக்க வேண்டுமானால், நம் பிள்ளைகள் இரவில் விழித்தாக வேண்டும். புனே, ஹைதராபாத், பெங்களூரு, நொய்டா சாலைகளில் நள்ளிரவில் கம்பெனி வண்டிகள் ஓடுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஒன்பதுகளின் கணக்கு

"எங்கள் சேவை 99 சதவீதம் கிடைக்கும்" என்று ஒருவர் சொன்னால் நமக்குப் பெரிதாகத் தோன்றும். ஆண்டுக்கு 8,760 மணி. அதில் 1 சதவீதம் என்றால் 87 மணி 36 நிமிடம், அதாவது மூன்றரை நாளுக்கு மேல் கடை முடக்கம். 99.9 என்றால் 8 மணி 45 நிமிடம். 99.99 என்றால் 52 நிமிடம் சொச்சம். ஐந்து ஒன்பது என்றால் 5 நிமிடம் சொச்சம்தான்.

வியாபாரி கவனிக்க வேண்டிய கணக்கு இனிமேல்தான். இணைப்பு, ரவுட்டர், சர்வர், மென்பொருள், மின்சாரம் என்று ஐந்து கண்ணிகள் வரிசையாக இருந்து, ஒவ்வொன்றும் 99.9 ஆனால், மொத்தச் சங்கிலி சுமார் 99.5 ஆகிவிடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 44 மணி நஷ்டம். மாறாக, 99 சதவீதம் மட்டுமே தரும் இரண்டு இணைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும்படி செய்தால், கணக்குப்படி 99.99 கிடைக்கும். ஆனால் இரண்டும் உண்மையிலேயே தனித்தனியாக இருக்க வேண்டும். இரு கம்பெனிக் கம்பிகளும் ஒரே பள்ளத்தில் கிடந்தால், சாலை தோண்டும் ஜே.சி.பி. ஒரே கொத்தில் இரண்டையும் எடுத்துவிடும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. எங்கள் வட்டாரத்து வியாபாரி ஒருவர் இரண்டு இணைப்பு வைத்திருந்தார். முதலாவது விழுந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. இரண்டாவது தாங்கிக்கொண்டதால் கடையில் யாருக்கும் தெரியவில்லை. இணைப்புக் கொடுத்தவரும் சொல்லவில்லை. தன்தேரஸுக்கு முதல் நாள் இரண்டாவதும் விழுந்தது. இந்தப் பக்கத்தில் ஜனங்கள் பாத்திரம் வாங்கும் நாளாயிற்றே! இ-வே பில்லைச் செல்போன் வழியாகக்கூட எடுத்துவிட்டார்கள். ஆனால் எந்தக் கிடங்கில் எந்தச் சரக்கு எவ்வளவு என்ற கணக்கு சர்வரில் அல்லவா இருக்கிறது? லாரி வாசலில், ஆள் கிடங்கில், கணக்கு எட்டாத இடத்தில். மாற்று ஏற்பாடு வைத்திருப்பவருக்குத்தான் கண்காணிப்பு அதிகம் தேவை. ஏனென்றால் மாற்று ஏற்பாடு முதல் பழுதை மறைத்துவிடுகிறது.

நடந்த கதைகள் நான்கு

1990 ஜனவரி 15. ஏ.டி. அண்டு டி. வலையமைப்பில் நியூயார்க் நிலையம் ஒன்று சிறு கோளாறால் தன்னைத் தானே நிறுத்தி மீண்டது. "நான் மீண்டுவிட்டேன்" என்று அது அனுப்பிய செய்தியைப் பெற்ற அண்டை நிலையங்கள், மென்பொருள் பிழையால் தாமும் விழுந்தெழுந்தன. அவை அனுப்பிய செய்தி அடுத்தவற்றை வீழ்த்திற்று. ஒன்பது மணி நேரம் நெடுந்தூர அழைப்புகளில் ஏறத்தாழப் பாதி போய்ச் சேரவில்லை. எங்கே பழுது என்று திரையில் தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை. பார்ப்பதும் அறிவதும் ஒன்றல்ல என்ற பாடம் அங்கே பிறந்தது.

2021 பிப்ரவரி 24. தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40-க்கு வணிகம் நின்றது. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகளிலும் கோளாறு ஏற்பட்டு, இடர்ப்பாட்டைக் கணக்கிடும் அமைப்பு செயலிழந்தது. மாலை 3.45-க்கு மீண்டும் தொடங்கி 5 மணிவரை சந்தை நடந்தது. அன்றைக்கே முடிக்க வேண்டிய வணிகத்தைப் பாதியில் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு, மும்பையில் தரகுத் தொழில் செய்யும் அன்பர்களுக்கு நினைவிருக்கும்.

2021 அக்டோபர் 4. நம் நேரப்படி இரவு 9 மணிக்கு மேல் ஃபேஸ்புக், வாட்ஸ்ஆப், இன்ஸ்டாகிராம் மூன்றும் மறைந்தன. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பையே துண்டித்துவிட்டது. பழுது பார்க்கும் உள்கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்தபடியால், அவையும் செத்தன. பொறியாளர்கள் நேரில் சென்று, காவல் கடுமையான அறைகளுக்குள் நுழைந்து சரி செய்ய ஆறு மணி நேரம் ஆயிற்று. காவலாளியின் விளக்குக்கு எண்ணெய் ஏரிக்குள்ளிருந்து வரக்கூடாது. கண்காணிக்கும் வழி தனி வழியாக இருக்க வேண்டும் என்று இத்துறையார் வற்புறுத்துவது இதனால்தான்.

2025 ஏப்ரல் 12. யு.பி.ஐ. பணப் பரிமாற்றம் நாடெங்கும் தடுமாறிற்று. "அந்தப் பரிமாற்றம் என்ன ஆயிற்று?" என்று சில வங்கிகளின் கணினிகள் திரும்பத் திரும்பக் கேட்டுக் குவித்த விசாரணைகளே நெரிசலுக்குக் காரணமாயின. திருடனும் இல்லை, கம்பியும் அறுபடவில்லை. விசாரிப்பே பாரமாயிற்று. பின்னர் இத்தகைய விசாரணைகளுக்கு வரம்பு கட்டப்பட்டது. 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் நாளொன்றுக்கு இருப்புத் தொகை பார்ப்பது 50 முறை என்று குறைக்கப்பட்டதும் அதன் தொடர்ச்சியே.

சட்டத்தின் எதிர்பார்ப்பு

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட ஆணைப்படி, குறிப்பிட்ட வகைக் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக் எனும் நாட்குறிப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கருவிகளின் கடிகாரங்கள் ஒத்திசைய வேண்டும். கடைசியது அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு கருவி 10.02 என்றும் இன்னொன்று 10.09 என்றும் எழுதினால், எது முன், எது பின் என்று எப்படித் தீர்ப்பது? இரண்டு கணக்குப் பிள்ளைகள் வெவ்வேறு தேதி போட்டு எழுதிய பேரேட்டைத் தணிக்கையர் பார்ப்பது போலத்தான்.

இங்கே ஒரு வேறுபாடு சொல்ல வேண்டும். என்.ஓ.சி. பார்ப்பது ஓட்டம் நிற்கிறதா என்று. எஸ்.ஓ.சி. எனப்படும் பாதுகாப்பு மையம் பார்ப்பது அந்நியர் நுழைகிறாரா என்று. ஒருவர் கரைக்காவல், மற்றவர் திருட்டுக்காவல். சிறு நிறுவனங்களில் இரண்டையும் ஒரே குழு பார்ப்பதுண்டு. ஆனால் ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு மற்றதும் கிடைக்கிறது என்று எண்ணிவிடக்கூடாது.

வியாபாரி கேட்க வேண்டியவை

சிறு வியாபாரிக்குச் சொந்த மையம் வைக்கக் கட்டாது. மூன்று ஷிப்டு, வார விடுமுறை எல்லாம் கணக்கிட்டால் ஒரே ஒரு நாற்காலியை ஆண்டு முழுவதும் நிரப்பவே ஐந்து பேர் வேண்டும். ஆகவே பலருக்குப் பொதுவாக மையம் நடத்துவோரிடம் மாதச் சந்தா கட்டுவதே வழி. கையெழுத்திடுமுன் இவற்றைக் கேளுங்கள். இரவு 2 மணிக்கு எச்சரிக்கை வந்தால் யார் பார்ப்பார், மனிதரா, வெறும் மின்னஞ்சலா? எத்தனை நிமிடத்தில் எனக்குச் சொல்வீர்கள்? அடுத்த படிக்கு எப்போது ஏறும்? மாற்று இணைப்பு தனியே கண்காணிக்கப்படுகிறதா? மாதாமாதம் அறிக்கை தருவீர்களா? வாக்குக் கொடுத்த ஒன்பது தவறினால் சந்தாவில் என்ன கழிவு? விலகும்போது என் லாக் பதிவுகளும் கடவுச்சொற்களும் என் கைக்கு வருமா?

முடங்கும் நேரத்தில் மூன்று பகுதி உண்டு. பழுது நேர்ந்ததை அறிய ஆகும் நேரம், காரணம் காண ஆகும் நேரம், சரி செய்ய ஆகும் நேரம். காலை 10 மணிக்குக் கடை திறந்த பிறகு வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிகிறது என்றால், இரவு 2 மணி முதல் இழந்த எட்டு மணியும் முதற்பகுதியில் போயிற்று. சந்தா கட்டுவது பெரும்பாலும் இந்த எட்டு மணிக்காகத்தான். உங்கள் கடை ஒரு மணி நேரம் முடங்கினால் எவ்வளவு நஷ்டம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சந்தா அதிகமா, குறைவா என்பதற்கு வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

முதற்படி வேலையின் ஒரு பகுதியை இன்று நிரல்களே செய்யத் தொடங்கிவிட்டன. எச்சரிக்கைகளைச் சலிப்பது, ஒன்றாகக் கட்டுவது, எளிய பழுதைத் தானே திருத்துவது எல்லாம் செயற்கை அறிவு கொண்ட கருவிகளுக்குக் கைவருகின்றன. ஆகவே இவ்வேலையில் சேரும் பிள்ளை அங்கேயே தங்கிவிடக்கூடாது. ஒவ்வொரு டிக்கெட்டும் ஏன் எழுந்தது என்று கேட்டு எழுதி வைப்பவன், இரண்டு மூன்று ஆண்டுகளில் அடுத்த படிக்குத் தகுதி பெறுவான். மணி அடித்தால் அணைத்துவிட்டு நகர்பவனுடைய இடத்தை நிரல் பிடித்துக்கொள்ளும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இரவு முழுக்க விழித்திருந்தவன் காலையில் வந்து "ஒண்ணும் நடக்கலை" என்றால், அவன் வேலை செய்யவில்லை என்று பொருளல்ல. நாம் காலையில் பால் வாங்கச் செல்போனைக் காட்டியதும் பணம் போனது, ரயில் டிக்கெட் கிடைத்தது, வங்கிக் கணக்கு திறந்தது எல்லாம், எங்கோ யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை இரவில் கண் விழித்ததன் பலன். பண்டிகை நாளில் உறவினர் வந்திருக்கும்போது அவன் பகல் பதினோரு மணிக்கு உறங்கினால், "இன்னுமா எழுந்திருக்கலை?" என்று எழுப்ப வேண்டாம். கதவை மெல்லச் சாத்திவிட்டு, அவனுக்கும் ஒரு பங்கு பாயசம் எடுத்து வையுங்கள்.